குப்பை யந்திரமும் குடிஜனங்களும்

அம்பத்தூர்வாசிகள் தங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறதென்று விசாரித்ததுண்டா? 2011-ஆம் வருஷத்தில் அவ்வூர் சென்னைக் கார்ப்பொரேஷனோடு இணைக்கப்பட்ட பின் அது கொடுங்கையூருக்கு அனுப்பப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கொடுங்கையூரிலேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையொன்றை நிறுவக் கார்ப்பொரேஷனார் உத்தேசித்தனர். 2025 மே மாதத்தில் வடசென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்று அதனை ஆக்ஷேபித்தார்கள்.

இவர்களைச் சுயநலக்காரரென்று ஏசுவோரும் உளர். பாதி நகரத்தின் குப்பையைப் பல்லாண்டுகளாய்ச் சுமந்தவர்களா சுயநலக்காரர்? மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரை அடுத்து அனல்மின் நிலையம். இன்னுமொரு புகைபோக்கியும் அவர்களுக்கே வேண்டுமாம்!

குப்பையிலிருந்து மின்சாரம் என்பது செவிக்கு இனிமையே. ஆனால் நம்மவர் குப்பையில் பெரும்பகுதி ஈரமான சமையற் கழிவு, உலர்த்தினாலன்றி எரியாது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தாலோ டயாக்ஸின் என்னும் நஞ்சு பிறக்கும். மிகுந்த வெப்பமும், வடிகட்டிகளும், ஓயாத கண்காணிப்பும் இருந்தால் அதனைக் கட்டுப்படுத்தலாம். நம்மூரில் கண்காணிப்பு எத்தகையதென்பதை வாசகர் அறிவர்.

குப்பை எங்கேனும் போயாக வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. வீட்டிலேயே ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரிக்கவேண்டுமென்று 2016-ஆம் வருஷத்து விதிகள் கட்டளையிட்டன. நம்மில் எத்தனை பேர் பிரித்தோம்? ஆவடி, பூந்தமல்லி நண்பர்கள் தங்கள் தெருக்கோடியில் இத்தகைய ஆலை வருமாயின் கொதித்தெழுவார்கள், எழட்டும். அதற்கு முன் கொடுங்கையூருக்காக ஒரு மகஜரேனும் அனுப்பட்டும். கார்ப்பொரேஷனாரும் எரிக்கும் யோசனையை விடுத்து, வட்டந்தோறும் எருக்கூடங்களைப் பெருக்க முன்வரவேண்டும்.