ஒப்பமும் உறுதியும்

உலோகத் தூளை லேசர்க் கதிரால் உருக்கிப் பொறியுறுப்புகளை ஆக்கும் முறை இந்நாளிலே பெரிதும் பேசப்படுகின்றது. கணினியில் வரைந்த உருவம் சில நாட்களில் உலோகமாய்க் கைக்கு வந்துவிடுகின்றது என வியப்போர் பலர். வந்த பொருளைத் தடவிப் பார்ப்போர் சிலர். தடவினால் அது கரடாயிருக்கும். அக்கரட்டை நீக்குவது கடைசியில் யாரோ ஒருவர் செய்துகொள்ளும் சில்லறை வேலை என எண்ணுவது பெரும் பிழை என்பதே எமது கருத்து.

ஜேர்மனியின் ஆக்கன் நகரிலுள்ள பிரவுன்கோபர் லேசர்த் தொழினுட்ப நிலையத்தார் 1996 ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை கோரினர். சடத்துவ வாயு நிறைந்த அறையினுள்ளே, ஏறத்தாழ 30 முதல் 60 மைக்கிரோமீற்றர் தடிப்பில் தூள் பரப்பப்படும். வேண்டிய இடத்தை மட்டும் கதிர் உருக்கும். பின்னர் மேடை சிறிது இறங்க, அடுத்த படை பரப்பப்படும். இவ்வாறு ஆயிரக்கணக்கான படைகள் அடுக்கப்படுவதால், சாய்ந்த முகம் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு படிக்கட்டேயாகும். பக்கங்களில் அரைகுறையாய் உருகிய மணிகள் ஒட்டிக்கொள்ளும். கீழ்நோக்கித் தொங்கும் முகத்தின் நிலையோ இன்னும் மோசம். அதன் அடியில் இருப்பது வெறுந் தூள். வெப்பம் அதனூடாக எளிதில் வெளியேறாது. உருகிய உலோகம் தூளினுள்ளே அமிழ்ந்து இறுகும். கடைசற் பொறியில் ஒரு மைக்கிரோமீற்றர் அளவிலே நிற்கும் சராசரிக் கரடு, இங்கே பொதுவாக 5 முதல் 20 வரை செல்கின்றது.

அழகு குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. மீண்டும் மீண்டும் சுமையேற்று இறக்கப்படும் உலோகத்திலே வெடிப்புப் பெரும்பாலும் மேற்பரப்பின் ஒரு பள்ளத்திலிருந்தே தொடங்குகின்றது. 1954 ஆம் ஆண்டு சனவரியில் எல்பாத் தீவுக்கு அண்மையில் கொமெற் விமானம் ஒன்று வீழ்ந்த பின்னர், உலோகச் சோர்வு எத்தகைய கொலைகாரன் என்பதை விமானத் தொழிலார் மறந்ததில்லை. விமானங்களிற் பெரிதும் பயன்படும், அலுமினியமும் வனேடியமும் கலந்த தைத்தேனியக் கலப்புலோகத்தை லேசரால் ஆக்கி, மேற்பரப்பைத் தீண்டாது சோதித்தால், அதன் சோர்வுத் தாங்குதிறன் கடைந்து ஒப்பமாக்கியதன் பாதியளவுக்கும் கீழே இறங்கக் காண்கிறோம். பெரும் வெப்பத்திலும் வாயு அமுக்கத்திலும் வைத்து உள்ளிருக்கும் நுண்துளைகளை மூடிவிடலாமே என்பர். மூடலாம், ஆயின் மேற்பரப்பின் பள்ளங்களினுள் அவ்வாயுவே புகுந்துவிடுவதால் அவை மூடுவதில்லை.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. படையை மெல்லியதாக்கலாம், நேரம் கூடும். ஓரங்களைத் தனியே மறுமுறை கதிரால் உருக்கலாம். கடையலாம், மின்பகுப்பால் மெருகிடலாம். இடர்ப்பாடு உள்வழிகளிலேதான். 2016 ஆம் ஆண்டு முதல் பயணிகள் விமானங்களிற் பயன்படும் லீப் எஞ்சினின் எரிபொருட் பீச்சுமுனையை எடுத்துக்கொள்வோம். முன்னர் ஏறத்தாழ 20 துண்டுகளை இணைத்துச் செய்த பொருள், இம்முறையால் ஒரே துண்டாயிற்று. பெருமைக்குரியதே. ஆனால் அத்தகைய பொருளின் வளைந்த உள்வழிகளில் எந்த அரம் நுழையும்? தேய்ப்புத்தூள் கலந்த களியை அமுக்கி உள்ளே செலுத்தும் முறை ஒன்றுண்டு. அதுவும் ஒடுங்கிய இடத்தை மிகுதியாய்த் தேய்த்து, அகன்ற இடத்தை மெல்லத் தடவிச் செல்லும். கூரிய விளிம்புகளையும் மழுக்கிவிடும். எவ்வளவு தேயும் என்பதை முன்னரே கணித்து, வரைபடத்திற் கூட்டி வைக்காதவன் பின்னர் வருந்துவான்.

எங்கும் ஒப்பமே வேண்டும் என்பாரும் தவறுவர். இடுப்பு மூட்டுக்குப் பதிலாக வைக்கும் தைத்தேனியக் கிண்ணத்தின் வெளிப்புறம் துளைகள் நிறைந்து கரடாயிருப்பதே நன்று. எலும்பு அதனுள் வளர்ந்து பற்றிக்கொள்கின்றது.

எமது பாடசாலைகளிலே தொழிற்கூடப் பாடத்தைக் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் கீழான ஆசனத்தில் இருத்திய வழக்கம் நெடுங்காலத்தது. நகை வார்த்த தட்டான் அச்சைப் பிரித்ததும் வேலை முடிந்ததென எழுந்து போவதில்லை. மெருகுக்கு எவ்வளவு பொன் தேயும் என்பதை வார்க்குமுன்னே கணக்கிட்டிருப்பான். பொறியியல் பயிலப் போகும் எம் மாணவர், கணினியிலே உருவம் வரையத் தொடங்குமுன், எந்த முகம் மேலே நோக்க வேண்டும், எது கீழே தொங்கலாம், எதனை எக்கருவி சென்று தொடும் என்பவற்றை முகத்துக்கு முகம் எழுதிவைக்கப் பழகவேண்டும். அதனைக் கற்பிக்கப் பெருவிலையுள்ள லேசர்ப் பொறி வேண்டியதில்லை. ஓர் அரமும், ஓர் உருப்பெருக்குங் கண்ணாடியும், வார்த்த உலோகத்துண்டு ஒன்றும் போதும்.