கூப்பிட்டால் கேட்காத காது

"காதுல அதை மாட்டிக்கிட்டு ரோட்டுல நடக்காதே" என்று சொல்லக் கேட்காத பெண் நம்மில் யாராவது உண்டா? அம்மா சொல்லியிருப்பார். விடுதிக் காப்பாளர் சொல்லியிருப்பார். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், நாம் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போயிருப்பார். அக்கறையில்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அக்கறைக்குள் இருக்கும் விதியோடுதான் எனக்குச் சண்டை. கூப்பிடுகிறவருக்காகவும் ஏவுகிறவருக்காகவும் எச்சரிக்கிறவருக்காகவும் பெண்ணின் காது எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும் என்பது அந்த விதி.

நம் மொழியைப் பாருங்கள். 'கேட்பது' என்ற ஒரே சொல்லில் எத்தனை வேலைகள்! பாட்டுக் கேட்கிறோம், கேள்வி கேட்கிறோம், உரிமை கேட்கிறோம், சொன்னபடி கேட்கிறோம். கேள்வி கேட்கிற பையன் கெட்டிக்காரன். சொன்னபடி கேட்கிற பெண் நல்ல பெண். "அவ யார் பேச்சையும் கேக்க மாட்டா" என்பதைவிட மோசமான சான்றிதழ் ஒரு பெண்ணுக்கு ஊரில் கிடையாது. இவற்றில் பாட்டுக் கேட்பதைப் பற்றி மட்டும் இங்கே பேசப்போகிறேன். தனியாக, தன் விருப்பத்துக்கு, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் கேட்பது. சின்ன விஷயம் என்று தோன்றலாம். அதைச் செய்துபார்த்தால் மற்ற மூன்றும் வரிசையாக வந்து வாசலில் நிற்கும்.

என் கையில் இருந்தது ஒரு மலிவு விலை எம்பி3 பிளேயர். 2006-ல் ரிச்சி தெருவில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் சொல்லும்படியான கம்பெனி இல்லை. 'சைனா பிளேயர்' என்றால் கடைக்காரருக்குப் புரியும். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு முனையில் மூடியைக் கழற்றிப் பென்டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் செருகலாம். டிவி ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன பேட்டரி ஒன்று போதும். 256 எம்பி இடம். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு எம்பி என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரம், சுமார் ஐம்பது பாட்டுகள். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழித்தாக வேண்டும்.

இந்த வகைக் கருவிகள் 1998-ல்தான் விற்பனைக்கு வந்தன. கொரியாவின் சேஹான் நிறுவனம் முதலில் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனம் விற்ற ரியோ பிளேயரில் 32 எம்பி, அதாவது அரை மணி நேரப் பாட்டு. விலை 200 டாலர். இசை நிறுவனங்கள் அதைத் தடுக்க நீதிமன்றம் போய், 1999-ல் தோற்றன. 2001-ல் வந்த ஐபாட் 399 டாலர். அந்த விலையில் அது எங்கள் தெருவுக்குள் நுழைந்திருக்காது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் குவிந்த மலிவுச் சரக்குதான் சம்பளக்காரப் பெண்களின் கைப்பைக்குள் வந்தது. அதில் இருந்தவற்றைவிட இல்லாதவை முக்கியம். அதற்கு எண் கிடையாது. அதில் யாரும் நம்மைக் கூப்பிட முடியாது.

அதற்கு முன் எங்கள் வீட்டில் பாட்டு இல்லாமல் இல்லை. ரேடியோ இருந்தது, செய்தி நேரத்தில் அது அப்பாவுடையது. டேப் ரெக்கார்டர் இருந்தது, அது அண்ணனுடையது. கேசட் பதிவுசெய்யும் கடைக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவது அண்ணன். அம்மாவும் நானும் சமையலறைச் சுவர் தாண்டி வந்ததைக் கேட்டோம். கேட்டோம் என்பதைவிட, காதில் விழுந்தது என்பதே சரி. நடுவில் ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் மாற்றச் சொல்ல எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

நாங்கள் இருந்தது பெருங்குடியில். அப்போது அது பேரூராட்சி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் குப்பைக் கிடங்கின் புகை. நடுவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் எனக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். வரிக்கு இவ்வளவு என்று கூலி. பெண்கள் நிறைந்த தொழில் அது. பொறுமையாகக் கேட்பார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பது எங்களைப் பற்றிய நம்பிக்கை.

தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் என் காதில் ஹெட்போன் இருந்தது. சாப்பிடும்போது மருத்துவர்களின் குரல் மண்டைக்குள் ஓடும். காது வலி வந்து மருத்துவரிடம் போன தோழிகள் உண்டு. அப்போதெல்லாம் "காதுல மாட்டாதே" என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் பெருமை, தெருவில் மரியாதை. "பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது." அதே காதில், ஷிப்ட் முடிந்து வரும் வழியில் என் ஐம்பது பாட்டுகளில் ஒன்று ஓடினால் மட்டும் அது திமிர், அலட்சியம், ஆபத்து. அடுத்தவருக்காகப் பெண் காதை அடைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் உழைப்பு. தனக்காக அடைத்துக்கொண்டால் கேள்விமேல் கேள்வி. ஹெட்போன் இதில் எங்கே வந்தது? அந்த நேரம் யாருடையது என்பதுதான் எல்லோருக்கும் உறுத்தல்.

வீட்டுக்குள் வாருங்கள். குக்கர் விசில் அடிப்பது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிறது. எண்ணுவது யார்? மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், பால் பொங்குகிற சத்தம், தண்ணீர் லாரியின் ஹாரன், காலிங் பெல், மாடியில் காயும் துணிமேல் விழும் முதல் மழைத்துளி. இத்தனைக்கும் ஒரே ஒரு காது பொறுப்பு. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். விசிலை எண்ணிக்கொண்டே டிவி முன் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் காதை எந்த நிமிடத்தில் சேர்ப்பீர்கள்? ஓய்வு என்றா எழுதுவீர்கள்?

என் அம்மா ஒரு மதியம் "அதைக் கொஞ்சம் குடு" என்று பிளேயரை வாங்கினார். அடுத்த பாட்டுக்கு எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கூடத்திலிருந்து அப்பா இரண்டு முறை காபி கேட்டார், மூன்றாவது முறை எழுந்தே வந்துவிட்டார். "கூப்பிட்டது காதுல விழலையா?" அம்மா ஒரு பக்க இயர்போனைக் கழற்றி, "விழலை" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. முப்பது வருட மணவாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் உண்மையாகச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த மிகச் சிறிய வேலைநிறுத்தம் அது. ஒரு பாட்டு நீளம்கூட இருக்காது.

இனி தெரு. 19பி பேருந்தில் நெரிசல் நேரத்தில் ஏறிய பெண்ணிடம் இயர்போன் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பாட்டுக்காக என்பது பாதிப் பதில். பக்கத்தில் நிற்பவன் முணுமுணுப்பது கேட்காமலிருக்க. கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்க. பேட்டரி தீர்ந்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுத்ததில்லை. பாட்டு ஓடாத இயர்போனும் வேலிதான். 1998-ல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்த ஆண்களின் சீண்டலில் உயிரிழந்தார். அதன் பிறகே தமிழ்நாட்டில் ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, முணுமுணுப்பு நிற்கவில்லை. ஆண்கள் வாயை மூடாத ஊரில் நாங்கள் காதை மூடிக்கொண்டோம்.

2014 பிப்ரவரியில், இதே சாலையில் தெற்கே இருக்கும் சிறுசேரியில், இரவு வேலை முடித்துக் கிளம்பிய மென்பொருள் ஊழியர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். சில நாட்களில், அப்போது நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பெண்களை மட்டும் கூட்டி உட்காரவைத்தார்கள். தனியாகப் போகாதீர்கள், இருட்டில் நிற்காதீர்கள், இயர்போன் மாட்டாதீர்கள். ஆண்கள் அவரவர் இருக்கையில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு வரிகூட அந்த அலுவலகத்திடம் இல்லை. சாலை விளக்கைப் பற்றியும் இரவுப் பேருந்தைப் பற்றியும் நாங்கள் கேட்டபோது, "அது நம்ம கையில இல்ல" என்றார்கள். கையில் இருந்தது எங்கள் காது மட்டும்.

"ஆபத்து இல்லை என்கிறாயா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இயர்போனோடு தண்டவாளத்தைக் கடப்பவரை ரயில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. சாலையைக் கடக்கும்போது கழற்றுங்கள் என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். பெண்ணுக்குச் சொல்லப்படுவது வேறு. பின்னால் எவனாவது வந்தால் தெரிய வேண்டும் என்பது அவளுக்கு மட்டும் தரப்படும் காவல் வேலை. தன்னைத் தாக்க வருபவனின் காலடியைக் கேட்டுக்கொண்டே நடப்பது அவள் கடமை. கேட்கத் தவறினால் குற்றத்தில் பாதி அவள் கணக்கில்.

இன்னொரு ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே வரும். தனியாகப் பாட்டுக் கேட்டு என்ன விடுதலை, கூடிப் பேசினால் அல்லவா விடுதலை? 1979-ல் ஜப்பானில் வந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் தனியாகக் கேட்பது மரியாதைக்குறைவாகத் தெரியும் என்று அதைத் தயாரித்தவர்களே தயங்கினார்கள். எங்கள் பிளேயரில் ஒரு துளைதான். ஆனாலும் பேருந்தில் ஒரு தோழிக்கு இடது காது, எனக்கு வலது காது என்று எத்தனை பயணங்கள்! தனியாக இருக்கக் கிடைத்தவருக்குத்தான் சேர்ந்திருப்பதும் விருப்பமாகிறது. தனிமையே கிடைக்காதவருக்குக் கூட்டமும் இன்னொரு பணி. "நீ கேட்ட பாட்டெல்லாம் ஆண்கள் எழுதியதுதானே, பெண்ணைத் துரத்துகிற பாட்டுதானே" என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் அழிக்கும் பொத்தான் எனக்குப் பிடித்திருந்தது. 256 எம்பிக்குள் எது இருக்கலாம், எது வெளியேற வேண்டும் என்று பிறந்தது முதல் யாரும் என்னைக் கேட்டதில்லை. அங்கே நான் தீர்மானித்தேன்.

பிறகு செல்போன் அந்தப் பிளேயரை விழுங்கியது. பாட்டு மிஞ்சியது, தனிமை போனது. ஐம்பது பாட்டு இருந்த இடத்தில் ஊரிலுள்ள எல்லாப் பாட்டும் இருக்கிறது; அதே கருவிக்குள் அப்பாவின் அழைப்பும் கணவரின் "எங்க இருக்க"வும் மேலாளரின் குறுஞ்செய்தியும் இருக்கின்றன. கடைசியாக எத்தனை மணிக்கு விழித்திருந்தோம் என்று அது ஊருக்குச் சொல்கிறது. எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை, எடுத்துப் பேசினால் யாரோடு பேசினாய். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். மீதிப் பேருக்குப் போன் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கிடைத்தவர்களின் கேள்வி அடுத்தது: என் போன் என் கையில் இருக்கிறதா, அதன் கயிறு யார் கையில்?

பழைய பிளேயரைத் தேடிப் போகச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அது கொடுத்த நேரத்தைத் திரும்பக் கேட்கிறேன். யாரும் கூப்பிட முடியாத, கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கடமையில்லாத நேரம். வீட்டில் விசிலை இன்னொருவர் எண்ணட்டும். விடுதியில் இரவு போன் வந்தால் எடுத்தே தீர வேண்டும் என்ற விதியை எழுதியவர், ஆண்கள் விடுதியிலும் அதை ஒட்டிவிட்டு வரட்டும். அலுவலகம் அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தை ஆண்களுக்கு நடத்தட்டும். 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பயண நேரமாவது பயணிப்பவளுக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

அடுத்த முறை யாராவது "காதுல அதை மாட்டாதே" என்று சொன்னால், ஒரு பக்க இயர்போனை மட்டும் கழற்றிவிட்டுக் கேளுங்கள்: "யார் கூப்பிடுவதற்காக?" பதில் வரும்வரை மறுபக்கத்தில் பாட்டு ஓடட்டும்.