அந்தக் குழாய்க்குள் என்ன ஓடுகிறது?

மாணவர்களே, படிவம் நான்கில் வேதியியல் எடுத்தவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு தெரிந்திருக்கும். பெயர் எழுதாத ஒரு தூளை ஆசிரியர் கொடுப்பார். நீரில் கரைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் நீல வீழ்படிவு, உடனே "செம்பு!" என்பீர்கள். சரி, உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரோரம் மேலே ஏறுகிறதே ஒரு குழாய், அதில் என்ன ஓடுகிறது? "தண்ணீர்தான் சார்" என்று பதில் வரும். எந்தத் தண்ணீர்? நேராக மீட்டரிலிருந்து வருவதா, கூரைத் தொட்டியிலிருந்து இறங்குவதா, கழிவுநீரா, ஏர்கோன் சொட்டுவதா?

இரண்டு கேள்விகளும் ஒரே அறிவியல்தான். ஒன்றுக்குப் புள்ளி உண்டு, மற்றதற்கு இல்லை. எனக்குக் கேட்டால், புள்ளி இல்லாததைத்தான் முதலில் கற்க வேண்டும். "அதற்குத்தான் பைப்காரர் இருக்கிறாரே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் வருவது மறுநாள். இரவு பதினொரு மணிக்குக் குழாய் வெடித்தால் எந்த வால்வை மூடுவது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். டிவி மாட்டச் சுவரில் துளை போடும்போதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் இது உடல்நலப் பிரச்சினையாகவே ஆனது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில், 2014 ஏப்ரலில் குடிநீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்த ஈயம் நீரில் கலந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. ஈயக் குழாய் பதிப்பதை அந்த நாடு 1986-இலேயே தடை செய்திருந்தது. ஆனால் ஏற்கெனவே புதைத்தவை எங்கெங்கே இருக்கின்றன என்று பல ஊர்களில் பதிவே இல்லை. நீர் வழங்குவோர் 2024 அக்டோபர் 16-க்குள் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் பட்டியலில் 'இன்னதென்று தெரியாதவை' என்றே ஒரு வகை உண்டு.

அங்கே பல வீடுகளுக்கு அடியில் நிலவறை இருக்கும். தெருவிலிருந்து வரும் குழாய் அதன் சுவர் வழியே நுழையும். வீட்டுக்காரர் அதைச் சோதிக்க ஒரு காந்தமும் ஒரு நாணயமும் போதும். காந்தம் ஒட்டினால் எஃகு. துத்தநாகம் பூசிய பழைய குழாய். ஒட்டாவிட்டால் நாணயத்தால் லேசாகச் சுரண்ட வேண்டும். செம்பழுப்பாகத் தெரிந்தால் செம்பு. மென்மையாகச் சுரண்டுபட்டு வெள்ளியாக மின்னினால் ஈயம். வெறும் கண்ணுக்கு ஈயமும் எஃகும் ஒரே மங்கிய சாம்பல் நிறம்தான். அதனால்தான் காந்தம் தேவைப்படுகிறது. (மலாய் பாடநூலில் ஈயத்துக்கு 'பிளம்பம்' என்று படிக்கிறீர்கள். அந்த இலத்தீன் சொல்லிலிருந்துதான் 'பிளம்பர்' வந்தது. பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம், பயப்பட வேண்டாம்.)

நம் தாமான் வீடுகளில் நிலவறை இல்லை. குழாய்கள் சீலிங்குக்கு மேலும் சுவருக்குள்ளும் பின்சந்துப் பக்கமும் ஒளிந்திருக்கும். நிறத்தை நம்பாதீர்கள். வீட்டைப் புதுப்பித்தவர் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டிருப்பார், மேலே சுவர்ப் பெயின்டும் அடித்திருப்பார். நம்ப வேண்டியது குழாயின் இரு முனைகளை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? நடுவில் மறைந்துபோனால் காதை வையுங்கள். தங்கை மாடியில் கழிப்பறைத் தொட்டியைத் திறந்துவிட, நீங்கள் கீழே கேளுங்கள்.

அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு இன்னொன்றும் செய்யலாம். மீட்டர் அருகில் உள்ள வால்வை மூடுங்கள். (துருப்பிடித்து இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், உடையும்.) இப்போது சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் திறந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சமையலறையில் சீக்கிரமே நின்றுவிடும், குளியலறையில் ஓடிக்கொண்டிருக்கும். முன்னது நேர் இணைப்பு, பின்னது கூரைத் தொட்டி. குடிக்க எந்தக் குழாயில் பிடிப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை கிடைக்கிறது.

சில வீடுகளில் ஒரு குழாய் எல்லாச் சோதனைக்கும் மௌனம் சாதிக்கும். நீர் ஓசை இல்லை. கூரைக்கு மேலே போய்த் திறந்த வாயோடு நிற்கும். உதவாத குழாய் என்று அதை அடைத்துவிடுபவர்கள் உண்டு. அது கழிவுக் குழாய்க்குக் காற்று கொடுக்கும் குழாய். கழிப்பறைக்கும் தொட்டிக்கும் அடியில் உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நின்று துர்நாற்றத்தைத் தடுக்கிறது. காற்று வராவிட்டால், கழிவுநீர் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சல் அந்த நீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு வீடு நாறும், காரணம் யாருக்கும் புரியாது. அழுத்தம் பற்றி இதைவிட நல்ல பாடம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இரண்டு குழாய்களை மட்டும் சுரண்டவோ திருகவோ கூடாது. கறுப்பு நுரை சுற்றிய ஏர்கோன் செம்புக் குழாயில் அதிக அழுத்தத்தில் குளிரூட்டி இருக்கிறது. மற்றது எரிவாயு. கேஸ் தோம்பில் உள்ள புரோப்பேனின் மூலக்கூற்று நிறை 44, பியூட்டேனுடையது 58. காற்றின் சராசரி 29. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். சந்தேகம் வந்தால் பெரியவர் ஒருவர் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். நாற்றம் பலமாக இருந்தால் சோதனையே வேண்டாம்: தோம்பை மூடி, கதவைத் திறந்து, சுவிட்சுகளைத் தொடாமல் வெளியேறுங்கள்.

கண்டுபிடித்த குழாய்களில் டேப் ஒட்டி, பெயர், ஓடும் திசை, தேதி மூன்றையும் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததில் கேள்விக்குறி போடுங்கள். துளை போட வருபவர் நீங்கள் எழுதியதை நம்பித்தான் போடுவார். மீட்டர் வால்வை மட்டும் பாட்டிக்கும் காட்டி வையுங்கள். பகலில் வீட்டில் இருப்பது அவர்தானே.