ஒட்டு ஏன் விட்டுப் போகிறது?

"நேற்றுத்தான் வெல்டிங் வைத்தோம். இன்று அதே இடத்தில் விரிசல்!"

சிவகாசி அச்சகத்தில் ஒருவர் இப்படிச் சொல்வார். விருதுநகருக்குப் பாரம் ஏற்றி வரும் டிராக்டர்காரரும் இதையே சொல்வார்.

குற்றம் யார் மீது? வெல்டிங் வைத்தவர் மீதா?

அவர் மீது மட்டும் அல்ல. "மலிவான ராடு போதும்" என்று சொன்ன நம் மீதும்தான்!

கரிசல் மண் சொல்லும் பாடம்

கோடையில் நம் கரிசல் காட்டைப் பாருங்கள். ஈரம் காயக் காய மண் சுருங்குகிறது. பக்கத்து மண்ணோ விட்டுக் கொடுக்காமல் பிடித்து இழுக்கிறது. பாளம் பாளமாக நிலம் வெடிக்கிறது.

இரும்பும் அப்படித்தான். உருகிய ஒட்டு ஆறும்போது சுருங்கும். சுற்றியுள்ள இரும்பு அதைச் சுருங்க விடாது. அந்த இழுப்பு உள்ளேயே தங்கி விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. அதிர்ச்சியும் பாரமும் சேர்ந்தால் ஒரு நாள் பிளந்து விடும்.

1938-ல் பெல்ஜியம் நாட்டில் ஹாசெல்ட் என்ற ஊரில், வெல்டிங் செய்து கட்டிய பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. நொறுங்கும் தன்மை கொண்ட இரும்பும், ஒட்டில் தங்கிய இழுப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

என்ன வழி?

திருச்சி "பெல்" ஆலையில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே அமைத்தார்கள். கொதிகலன் தொழிலில், கனமான ஒட்டுகளைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி, மெல்ல ஆற விடுவார்கள். இழுப்பு தளர்ந்து விடும்.

நம் ஊர்ப் பட்டறையில் அத்தகைய உலை ஏது? ஆகவே, ராடைப் பார்த்து எடுக்க வேண்டும்.

பழைய அச்சு இயந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு. சாதாரண ராடு வைத்தால் ஒட்டு கடினமாகி வெடிக்கும். நிக்கல் ராடு மெதுவானது. இழுத்தால் நீண்டு கொடுக்கும். ஓர் அங்குலம் வைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஆறவிட்டு, அடுத்த அங்குலம் வைக்க வேண்டும்.

டிரெய்லர் சாதாரண இரும்பு. அதற்கு, "இருப்பதில் வலுவான ராடு போடு" என்பது தவறு. ஒட்டு எவ்வளவு வலுவோ, உள்ளே தங்கும் இழுப்பும் அவ்வளவு பெரிதாகலாம். இரும்புக்கு ஏற்ற வலு போதும். ராடு ஈரம் படாமலும் இருக்க வேண்டும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் விரிசலுக்கு வழி செய்யும்.

ஜப்பானில் ஓர் அதிசயம்

சிவகாசிக்குக் "குட்டி ஜப்பான்" என்று பெயர். பெரிய ஜப்பானில் 1990-களில் ஒரு புது ராடு உலோகம் கண்டார்கள். அதில் குரோமியம் 10 சதவீதம், நிக்கல் 10 சதவீதம். அது ஆறி, சுமார் 200 டிகிரிக்கு வந்ததும் சுருங்குவதற்குப் பதில் விரிகிறது! இழுப்பு அடங்கி விடுகிறது.

காசா, உயிரா?

நிக்கல் ராடு விலை பல மடங்கு. உண்மைதான். ஆனால் இயந்திரம் ஒரு வாரம் நின்றால் நஷ்டம் எவ்வளவு?

ஓடும் டிரெய்லர் கழன்றால்? பின்னால் மோட்டார் சைக்கிளில் குழந்தையோடு ஒரு குடும்பம் வருமே!

ஆகவே பட்டறைக்குப் போனால், "எவ்வளவு அண்ணாச்சி?" என்று முதலில் கேட்காதீர்கள்.

"இந்த இரும்புக்கு எந்த ராடு அண்ணாச்சி?" என்று கேளுங்கள்.