மொரப்பூர் எங்கே போச்சு?

தர்மபுரி மாவட்டத்தில் மொரப்பூர் இருக்கிறது, ரயில் நிலையமும் இருக்கிறது. 2006 தேர்தல் வரை அந்தப் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது காலி! பாப்பிரெட்டிப்பட்டி என்று புதிதாக ஒன்று முளைத்தது. ஏன், எதற்கு என்று மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது டீக்கடை முதல் டிவி வரை தொகுதி மறுசீரமைப்புதான் பேச்சு. 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது, அதே மாதம் பல மாநிலத் தலைவர்கள் வந்த கூட்டமும் நடந்தது. எல்லோருக்கும் ஒரே கவலை, 39 என்னாகும்? நியாயமான கவலைதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்ற கேள்விக்கு யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டுமே வைத்து ஜல்லியடிப்பவர்கள் கோட்டை மறந்துவிடுகிறார்கள். எத்தனை தொகுதி என்பது பாதிக் கதை. எங்கே கோடு போடுகிறார்கள் என்பதுதான் மீதி.

புரியவில்லையா? ஒரு சின்னப் புதிர். ஊரில் 15 வீடுகள். 9 வீடு தக்காளிக் கட்சி, 6 வீடு புளிக் கட்சி (ரசத்துக்கு இரண்டும் வேண்டும், அது வேறு விஷயம்). மூன்று வீட்டுக்கு ஒரு தொகுதி, மொத்தம் ஐந்து. தக்காளி வீடுகளைத் தனியாக, புளி வீடுகளைத் தனியாகப் பிரித்தால் தக்காளிக்கு 3, புளிக்கு 2. நான்கு தொகுதியில் இரண்டுக்கு ஒன்று என்று தக்காளியைப் பரப்பினால் 4-1. ஆறு தக்காளி வீடுகளை இரண்டே தொகுதியில் திணித்துவிட்டு, மற்ற மூன்றிலும் இரண்டிரண்டு புளி வைத்தால்? புளிக் கட்சி 3-2 என்று ஜெயிக்கும்! ஒரு ஓட்டுகூட மாறவில்லை. மாறியது கோடு மட்டும்.

மொத்தம் டேலி ஆகிறதே என்று கணக்கில் தில்லுமுல்லு இல்லையென எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

அமெரிக்காவில் இந்த வித்தைக்கு 1812-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் தந்த தொகுதி ஒன்று சாலமாண்டர் மாதிரி வளைந்து கிடந்தது. ஜெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்து 'ஜெர்ரிமாண்டர்' ஆனது. 2007-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதையே கம்ப்யூட்டர் விளையாட்டாக்கினார்கள். ஒரு கட்டத்தில் உன் கட்சிக்குச் சாதகமாகக் கோடு போட வேண்டும். இன்னொரு கட்டத்தில் இரண்டு கட்சியின் பழைய பெருச்சாளிகளுக்கும் சீட் போகாதபடி போட வேண்டும். பத்து நிமிடம் விளையாடினால் சின்னப் பையனுக்கும் புரியும். நம்மூர்ப் பேச்சாளர்களுக்கு?

"இங்கே ஆணையம்தானே கோடு போடுகிறது, ஆளுங்கட்சி இல்லையே" என்பார்கள். உண்மைதான். 2002-ல் அமைந்த ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவர். தர்மபுரி நாடாளுமன்றத் தொகுதியில் சேலம் மாவட்டத்து மேட்டூர் இருப்பதிலும் சதி எதுவும் தேட வேண்டாம். ஒரு எம்.பி. தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி வேண்டும், மாவட்டத்தில் இருப்பது ஐந்து. ஆனாலும் மேட்டூர்க்காரருக்குக் கலெக்டர் சேலத்தில், எம்.பி. தர்மபுரிக்கு.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆணையத்துடன் இணைக்கப்படும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. இறுதி ஆணையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது சட்டம். அப்பட்டமான அநியாயம் என்றால் பார்க்கலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஜன்னலைத் திறந்தது, அவ்வளவே. 2022-ல் காஷ்மீரின் அனந்த்நாக்கையும் பீர் பஞ்சால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரஜௌரியையும் சேர்த்து ஒரே நாடாளுமன்றத் தொகுதி ஆக்கினார்கள். அங்குள்ள கட்சிகள் கத்தின. ஆணை மாறவில்லை.

ஆக, பேச வேண்டிய நேரம் வரைவு வெளியாகி ஆட்சேபணை கேட்கும் அந்தக் கொஞ்ச நாள்தான். தர்மபுரியில் 2024-ல் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 21,300 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதி கொண்ட இடத்தில் இது எத்தனை கிராமத்து ஓட்டு என்று கூட்டிப் பாருங்கள்.

அரூரில் மேடை போட்டு 39-க்காக முழங்கும் பேச்சாளரிடம், அரூர் தொகுதி எந்த ஊரோடு முடிகிறது, பாப்பிரெட்டிப்பட்டி எந்த ஊரில் தொடங்குகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்றியச் செயலாளரைத் திரும்பிப் பார்ப்பார். அவர் சோடா குடித்துக்கொண்டிருப்பார்.