மூன்று தடவை கட்டிய தாலி

என் அக்கா மகளுக்கு ஒரே மாப்பிள்ளை மூன்று தடவை தாலி கட்டியிருக்கிறார்.

முதல் தடவை 2010 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 2 மணி 10 நிமிஷம். அப்போது அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நியாயமாகப் பார்த்தால் குடும்பத்தோடு எங்களை உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இரண்டாவது தடவை 2018 பிப்ரவரி 4, காலை 7.10. மூன்றாவது தடவை அதே நாள் 9.40. வந்தவர்கள் எல்லாம் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு ஆட்டோ தேடிக்கொண்டிருந்த நேரம்!

நான் சொல்லவில்லை, என் கம்ப்யூட்டர் சொல்கிறது. 2020 ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல், அந்தக் கல்யாணப் படங்கள் நாலாயிரத்துச் சொச்சத்தையும் தேதிவாரியாக அடுக்கச் சொன்னபோது அது இப்படித்தான் அடுக்கிக் காட்டியது.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு மூன்று கேமரா. ஒன்று போட்டோகிராபருடையது. அதன் கடிகாரம் சரி. இரண்டாவது அவருடைய உதவியாளருடையது. பல நாள் பேட்டரி இல்லாமல் பையில் கிடந்திருக்கிறது. கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் குட்டி பேட்டரியும் தீர்ந்துபோக, கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிட்டது. காலை 5 மணிக்கு அவர் மண்டபத்தில் பேட்டரியைச் செருகியபோது, கேமராவுக்கு அது 2010-ம் வருஷப் புத்தாண்டு. தேதி கேட்டிருக்கும், அவசரத்தில் ஓ.கே. அழுத்தியிருப்பார். மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சானுடைய கேமரா. அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்கிறீர்களா? நானும் சிரித்திருப்பேன். ஆனால் அதற்கு முந்தின வருஷம் ஒன்று நடந்துவிட்டது.

2019 ஐப்பசி. நல்ல மழை. அப்பா சாயங்காலம் போய்விட்டார். காலையில் எடுப்பதாக ஏற்பாடு. மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். ஃபிரேம் கடைக்காரர், "பதினோரு மணிக்குள்ள கொண்டாங்க சார், போட்டுத் தர்றேன்" என்றார். அம்மா அழுகைக்கு நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாப்பா கல்யாணத்துல பந்தியில உக்காந்து வாய்விட்டுச் சிரிச்சாரே, யாரோ போட்டோ புடிச்சாங்களே, அதைப் போடுடா."

நானும் அக்கா மகனும் லேப்டாப்பைத் திறந்தோம். 'மேரேஜ்', 'மேரேஜ் ஃபைனல்', 'மேரேஜ் ஃபைனல் 2', 'நியூ ஃபோல்டர் (3)'. படங்களை உள்ளே வாங்கிய மென்பொருள் வருஷவாரியாகவும் சில ஃபோல்டர்கள் போட்டிருந்தது. 2018-ஐத் தலைகீழாகப் புரட்டினோம். மாப்பிள்ளை செருப்பை ஒளித்து வைத்தது 60 படம் இருந்தது. அப்பாவின் முதுகு இருந்தது. சிரிப்பு இல்லை. '2010' என்றொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. "இது பழசு மாமா" என்றான் பையன். "ஆமா, விடு" என்றேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பென்ஷன் பாரத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாங்க் மேனேஜரிடம் திட்டு வாங்கிய முகத்தோடு அப்பா இன்றைக்கும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறார். அம்மா அதற்குப் பூ வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே மண்டையில் ஏற்றினார்கள்: ஒரு வவுச்சர் என்றால் மூன்று வேண்டும். நம்பர், தேதி, எதற்காக என்று ஒரு வரி நரேஷன். மூன்றும் இல்லாத செலவை ஆடிட்டர் செலவாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். அட்டைப் பெட்டி நிறைய பில் வைத்திருப்பவனைக் கணக்கு வைத்திருப்பவன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் நிறைய படம் வைத்திருப்பவன் மட்டும் "எங்க வீட்ல எல்லா போட்டோவும் இருக்கு சார்" என்கிறான். இல்லை சார். தேடும்போது கிடைக்காத படம் உங்களிடம் இல்லாத படம்.

முதலில் நம்பர். டிஜிட்டல் கேமரா படத்துக்குப் பெயர் வைக்கிற விதியை ஜப்பானில் 1998-ல் வகுத்தார்கள். நாலு எழுத்து, நாலு இலக்கம், அவ்வளவுதான். 9999 முடிந்தால் மறுபடி 0001. ஒரே கம்பெனியின் இரண்டு கேமரா வைத்திருந்தால் இரண்டிலும் 'டிஎஸ்சி அண்டர்ஸ்கோர் 4312' இருக்கும். ஒன்றில் மாப்பிள்ளை, இன்னொன்றில் சமையல்காரர். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றிப் போடட்டுமா?" என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்கும். நாம் படிக்காமலே "எஸ் டு ஆல்" அடிப்போம். ஒரு கொடைக்கானல் டூரில் நான் அப்படி அடித்தேன். முந்நூறுக்கு மேல் படம் ஆவி. கார்டில் எத்தனை, கம்ப்யூட்டரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டேலி பார்க்காத பி.காம்.!

அடுத்து தேதி. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரம் 'எக்ஸிஃப்' என்ற பெயரில் பதிந்திருக்கிறது. ஆனால் அது எந்த ஊர் நேரம் என்று எழுத அந்த விதியில் 2016 வரை இடமே விடவில்லை. சிங்கப்பூர்க்காரரின் 9.40-ம் சென்னைக்காரரின் 9.40-ம் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். இது போதாதென்று வாட்ஸ்அப். சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அளவும் சுருங்குகிறது, எடுத்த தேதியும் உதிர்ந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் வந்து சேர்ந்த தேதிதான் பெயராக ஒட்டிக்கொள்கிறது. பாட்டியின் 1960-ம் வருஷப் படம் போன செவ்வாய்க்கிழமை எடுத்ததாகிவிடும்.

மூன்றாவது நரேஷன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் நண்பர்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, "போட்டோகிராபர் பார்த்துப்பார்." எதற்கு? கல்யாணம் பேசும்போது ஆல்பத்துக்கு எத்தனை ஷீட், ட்ரோன் உண்டா, சேலை பறக்குமா என்று இரண்டு மணி நேரம் பேரம் பேசுகிறோம். "உங்க எல்லா கேமராவுலயும் டைம் ஒண்ணா வெச்சிருப்பீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டோமா? கேட்டால் ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுவார். கேட்காததை அவர் ஏன் செய்ய வேண்டும்? லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, வாங்கிய சரக்கை எண்ணிப் பார்க்காமல் பென் டிரைவைப் பட்டுப்புடவை பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள் நாம்தான்.

இரண்டு, "எல்லாம் கிளவுட்ல இருக்கு." ஆர்குட்டிலும் ஆல்பம் இருந்தது. 2014-ல் கடையைச் சாத்தினார்கள். பிக்காசா இருந்தது, 2016-ல் நிறுத்தினார்கள். கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1-லிருந்து அதுவும் முடிந்தது, 15 ஜி.பி.க்கு மேல் காசு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வியாபாரம் அது. அங்கே ஒரு பிரதி வைப்பது நல்லதும்கூட. ஒரே பிரதியை அங்கே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மூன்று, கொஞ்சம் வலுவான பதில். "இப்பல்லாம் முகத்தைக் காட்டினா போனே தேடிக் குடுக்குது சார். நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?" உண்மைதான், தேடித் தருகிறது. நாம் கொடுத்ததற்குள்தான் தேடும். உதவியாளரின் கார்டு, மச்சானின் சிங்கப்பூர் ஹார்ட் டிஸ்க், சித்தப்பாவின் பழைய போன் எல்லாம் வெவ்வேறு ஊரில் இருக்கும்போது அது எங்கே போய்த் தேடும்? கடிகாரம் தப்பு என்று அதற்குத் தெரியாது. முகத்தை அடையாளம் காட்டும். அந்த முகத்துக்கு நாம் ஒரு பெயர் சொல்லி வைக்காதவரை அது யார் என்று அதற்கும் தெரியாது.

திட்டியது போதும். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

விசேஷத்துக்கு முன்னால் எல்லா கேமராவின் நேரத்தையும் ஒரே செல்போனைப் பார்த்துத் திருத்துங்கள். திருத்தத் தெரியாவிட்டால், அந்தச் செல்போன் கடிகாரத்தையே ஒவ்வொரு கேமராவிலும் ஒரு படம் எடுங்கள். எது எவ்வளவு தப்பு என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதுவும் மறந்துபோனால் தாலி இருக்கவே இருக்கிறது. முடிச்சுப் போடும் கணத்தை மூன்று பேரும் எடுத்திருப்பார்கள். வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படங்களை இறக்கும்போது கேமராவுக்கு ஒரு ஃபோல்டர். கலக்காதீர்கள். கார்டில் இருந்த எண்ணிக்கையும் இறங்கிய எண்ணிக்கையும் டேலி ஆகும்வரை கார்டை அழிக்காதீர்கள். பிறகு தப்பான கேமராவின் நேரத்தை மொத்தமாக நகர்த்துங்கள். லைட்ரூமில் அந்த வசதி இருக்கிறது. 'எக்ஸிஃப்டூல்' என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால் பத்து நிமிஷ வேலை. அப்புறம் பெயர் மாற்றம். முதலில் வருஷம், அடுத்து மாதம், அடுத்து நாள், நேரம், கடைசியில் கேமராவுக்கு ஓர் எழுத்து. 20180204-071012-ஏ. வருஷத்தை முன்னால் போட்டால்தான் பெயர்வரிசையும் தேதிவரிசையும் ஒன்றாக வரும். அதன் பிறகு மூன்று ஃபோல்டரையும் ஒன்றாகக் கொட்டுங்கள். தாலி ஒரே தடவைதான் கட்டப்படும்.

கண் மூடியது, ஆடியது, ஒரே மாதிரி பதினாலு எல்லாவற்றையும் அழியுங்கள். 36 படம்தான் என்றிருந்த ஃபிலிம் ரோல் காலத்தில் நம் கை கூசும். இப்போது கூசுவதில்லை, அதனால் பின்னால் கூசத்தான் வேண்டும். மிச்சத்துக்கு இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பத்தையும் கம்ப்யூட்டரையும் ஒரே தரைத்தளத்தில் வைத்திருந்த சென்னைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஏன் என்று சொல்வார்கள்.

இப்போது நரேஷன்.

அம்மாவிடம் ஒரு பிஸ்கெட் டின் நிறைய கறுப்பு வெள்ளைப் படங்கள் உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதியிருப்பாள். 'பழநி மொட்டை, சின்னவனுக்கு 3 வயசு, கூட நிக்கிறது தருமபுரி பெரியம்மா.' ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். பட்டம் வாங்கிய நான் நாலாயிரம் படத்தில் ஒன்றுக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை.

ஊரடங்கில் அந்த '2010'-ஐத் திறந்தேன். அப்பா இருந்தார். பந்தியில், இலைக்கு முன்னால், வாய்விட்டுச் சிரித்தபடி. பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரிக்கிறார். அவர் சொன்ன எதற்கோதான் அப்பா அப்படிச் சிரித்திருக்கிறார்.

பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், பின்னால் எழுத பென்சில் கேட்டாள். அப்பா பெயரை எழுதினாள். நிமிர்ந்து, "இவர் யாருடா?" என்றாள்.

அக்காவுக்குத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டாரும் தங்கள் பக்கம் இல்லை என்றார்கள். தெரிந்த ஒரே ஆள் அப்பா. கல்யாணத்துக்கும் அவர் போனதற்கும் நடுவில் இருபது மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து "இது யாருப்பா, அது யாருப்பா?" என்று கேட்டிருக்கலாம். சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

உங்கள் வீட்டில் சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு அவர்களை உட்காரவையுங்கள். பீரோவில் இருக்கும் பென் டிரைவை எடுங்கள். ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.