பின்னால் உட்காருபவரைக் கேளுங்கள்

அம்மாவுக்கு ஆறு மாதமாக இடுப்பு வலி. தைலம் தேய்த்தோம், கிளினிக்கில் மாத்திரை வாங்கினோம். "வயசாகுதுல்ல" என்று நாங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டோம்.

போன மாதம் மஸ்ஜித் தானாவுக்குப் போயிருந்தபோது, அப்பாவின் பழைய கப்சாய் மோட்டாரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டேன். செம்பனை லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான சாலை. முதல் குழியிலேயே பின்னால் 'டங்' என்று அடித்தது. அடுத்த வளைவில் மோட்டார் படகு மாதிரி ஆடியது.

"எப்பவும் இப்படித்தானாம்மா?"

"இப்படித்தான் தம்பி. அப்பாகிட்ட சொன்னா, மோட்டார் நல்லாத்தானே ஓடுதுங்கிறாரு."

அப்பா பொய் சொல்லவில்லை. அப்சோர்பர் ஒரே நாளில் கெடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் ஓட்டுபவருக்கு அது பழகிவிடுகிறது. பின்னால் உட்காருபவரோ கிட்டத்தட்டச் சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறார். அடி முழுவதும் அவருக்குத்தான்.

அப்சோர்பரில் வெளியே தெரிவது ஸ்பிரிங். அது பாரத்தைத் தாங்கும். ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். அது சிறு துளைகள் வழியாகத் தள்ளப்படும்போது துள்ளலின் வேகம் குறைகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். இதை வானொலியில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வீட்டு வாசலில் நின்ற மோட்டாரைக் குனிந்து பார்த்ததில்லை.

பட்டறை அண்ணன் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இருக்கையை அழுத்தி விட்டார். நல்ல அப்சோர்பர் மேலே வந்ததும் அடங்கிவிடும். இது மூன்று முறை குதித்தது. தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

"ஸ்பிரிங்கை டைட் பண்ணினா போதாதாண்ணே?"

"எண்ணெய் போனதுக்கு ஸ்பிரிங்கை டைட் பண்ணினா இன்னும் துள்ளும் தம்பி."

விலை உயர்ந்த சிலவற்றைப் பிரித்து சீலும் எண்ணெயும் மாற்றலாம். சாதாரண கப்சாய் அப்சோர்பர் மூடிய குழாய், மாற்றுவதுதான் வழி. எல்.சி. 135 போன்ற மோட்டாருக்கு நடுவில் ஒன்றுதான். இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. நீளமும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். அழகுக்காக உயரமானதைப் போட்டால் ஓட்டும் விதமே மாறும், சங்கிலியின் தொய்வும் மாறும். ஒரு பக்கத்தை மாட்டிய பிறகே மறுபக்கத்தைக் கழற்றினார், சக்கரம் தொங்கிவிடாமல் இருக்க. அரை மணி நேர வேலை. நூறு வெள்ளிகூட ஆகவில்லை.

அம்மாவின் வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதே சாலையில் திரும்பும்போது அவர் "ஐயோ" என்று சொல்லவில்லை. வழி நெடுக ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்.

இன்று மாலை உங்கள் வீட்டு மோட்டாரின் இருக்கையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கு முன், பின்னால் உட்காருபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.